ஆய்வை ஊருக்குக் கொண்டுசெல்லுதல்: புதிய ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர், மண், கடல், பயிர் பற்றிய கள ஆய்வுகள் அனைத்தும் ஏதேனும் ஓர் ஊரிலிருந்தே தொடங்குகின்றன. அந்த ஊரின் கிணற்றில் மாதிரி எடுக்கிறோம், வரப்பில் நின்று கேள்வித்தாளை நிரப்புகிறோம், பிறகு ஆய்வேட்டை எழுதப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிடுகிறோம். தண்ணீரும் நேரமும் கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து என்ன தெரியவந்தது என்று யாரும் சொல்வதில்லை. இதைச் சரிசெய்ய விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் ஒரு விழிப்புணர்வு முகாம்தான்: பதாகை, பேரணி, சிறப்புரை, தேநீர், குழுப்படம். அந்தப் பதாகைகளில் ஆய்வுப் பொருளைவிட விருந்தினர்களின் படங்கள் பெரிதாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முகாமினால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் ஊரில் எவரும் எதையும் வேறுவிதமாகச் செய்வதும் இல்லை.

வளங்குன்றா வளர்ச்சி தொடர்பான தங்கள் ஆய்வை முதன்முறையாக மக்களிடம் கொண்டுசெல்ல நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. நான் சொல்ல விரும்புவதை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: உங்கள் ஆய்வைத் தெரிந்துகொள்வதால் யார், எந்தத் தீர்மானத்தை, எந்த மாதத்தில் மாற்றி எடுக்க முடியும்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த மொழியில், எந்த இடத்தில், எந்த ஊடகத்தில் பேசுவது என்பவை பெரும்பாலும் தாமாகவே தெளிவாகும்.

முதற்படி: ஒரு தீர்மானத்தைக் கண்டுபிடியுங்கள்

“பருவநிலை மாற்றம் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வது” ஒரு நோக்கம் ஆகாது. 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளின் பட்டியலை ஒப்பிப்பதும் அப்படித்தான். இன்று கடலுக்குப் போவதா, இந்தப் பட்டத்தில் எந்த நெல் ரகத்தை விதைப்பது, குழந்தைக்கு எந்தக் குழாயின் தண்ணீரைக் கொடுப்பது, கோடைக்கு முன் எந்த வாய்க்காலைத் தூர்வாருவது என்பவைதாம் மக்கள் எடுக்கும் தீர்மானங்கள்.

புதுச்சேரியில் 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, எந்தத் தகவல் வேண்டும் என்பதை முதலில் ஊர்களிடம் கேட்டறிந்தது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் முதன்மையாகத் தேவைப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான அலை முன்னறிவிப்பு அப்போதே கிடைத்துவந்தது. மையத்தில் பணியாற்றியவர்கள் அதை எடுத்துத் தமிழில் மாற்றி ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தார்கள். அங்கே புதிய ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு கணிப்பு, அதனால் உயிர் பிழைக்கக்கூடியவரின் காதில் உரிய நேரத்தில் விழுந்தது, அவ்வளவுதான். ஆழிப்பேரலை (சுனாமி) தாக்கிய 2004 திசம்பர் 26 அன்று, அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு என்னும் ஊரில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரித்ததும் மக்களை வெளியேறச் சொன்னது அறிவு மையத்தின் ஒலிபெருக்கியே. அன்றாடம் பயன்பட்டு, ஊராரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த கருவி என்பதால்தான் பேரிடர் நாளில் அதன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

ஆகவே ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிப் பாருங்கள்: தீர்மானம் எது, அது யார் கையில் இருக்கிறது, அது எடுக்கப்படும் காலம் எது. இரண்டாவது வரியில் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒற்றை நாற்று, கோனோ வீடர் என்னும் உருளைக் கருவியால் களையெடுப்பு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல் என்று அதன் முறைகளை நிலத்துக்காரரிடம் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும், வயலில் இறங்கி இளநாற்றைச் சேதமில்லாமல் நடவேண்டியவர்கள் கூலிக்கு வரும் பெண்கள். கயிறு பிடித்து இடைவெளி பார்த்து நடுவதற்குத் தொடக்கத்தில் கூடுதல் நேரம் ஆகும். பழைய கூலிக்கு அதை எதற்காகச் செய்யவேண்டும் என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. பயிற்சிக் கூட்டத்துக்கு நிலத்துக்காரர்களை மட்டும் அழைப்பவர்கள், தீர்மானத்தின் ஒரு பாதியை மட்டுமே சந்தித்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டாம் படி: ஊரின் நாட்காட்டிக்கு ஏற்ப நடங்கள்

நமக்கு மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. செலவுக் கணக்கை முடிப்பதற்காகவே பல கூட்டங்கள் அந்த மாதத்தில் நடத்தப்படுகின்றன. காவிரிப் படுகையில் சம்பாவுக்கான நெல் ரகம் பற்றிப் பேச மார்ச் பயனற்ற மாதம். வழக்கமான ஆண்டில் சூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறக்கப்படுகிறது. விதை வாங்குவதற்கு முன்பே உங்கள் பேச்சு முடிந்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு உரிமையாளர்களும் தொழிலாளர்களும் கரையில் இருக்கும் அந்த நாட்களில் நிதானமாக உட்கார்ந்து பேச முடியும். நீர்நிலைகள் பற்றிய ஆய்வு என்றால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், தூர்வாரும் வேலைக்கு இன்னும் அவகாசம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

நாளின் நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வரும் கூலித் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கிறார். மாலையில் கூடுங்கள், அது இயலாவிட்டால் அவருடைய அந்நாள் வருமானத்துக்கு ஈடான தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் கருவிகளுக்கும் பயணத்துக்கும் தனித்தனியே வரி இருப்பதுபோல, மக்களிடம் திரும்பிச் செல்வதற்கான வரி ஒன்றும் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும். கடைசியில் மிஞ்சும் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், பணம் மிஞ்சாது.

மூன்றாம் படி: அனுமதியும் இடமும்

ஊராட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். கடலோர மீனவ ஊர்களில் ஊராட்சி மன்றத்துக்கு அப்பால் நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஊர் அமைப்பு தனியாக உண்டு; அவர்களையும் சந்தியுங்கள். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கேட்கலாம். அங்கே பேசியவை தீர்மானப் பதிவேட்டில் ஏறக்கூடும் என்பது பெரிய பயன். பலருக்கு அங்கே வாய் திறக்கத் தயக்கம் இருக்கும் என்பது குறை.

கூட்டம் நடக்கும் இடம், யார் வருவார் என்பதை நீங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. புதுச்சேரி மையங்களுக்கு ஊரே இடம் கொடுக்க வேண்டும், அந்த இடம் தலித் மக்கள் உட்பட எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபந்தனையாக இருந்தது. நீங்களும் அதே நிபந்தனையை வையுங்கள். கோவில் மண்டபமும் பெரிய வீட்டுத் திண்ணையும் வசதியானவைதாம். ஆனால் குடியிருப்பின் மறுகோடியிலிருந்து எவரும் அங்கே வரவில்லை என்றால், பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பெண்களிடம் தனியாக ஒருமுறை பேசுங்கள். தண்ணீர் பற்றிய ஆய்வில் இதைத் தவிர்ப்பவர், தண்ணீர் பிடிப்பவர் யார் என்பதையே கவனிக்காதவர்.

நான்காம் படி: சொல்வதற்கு முன் கேளுங்கள்

மேற்கண்ட எல்லாவற்றையும்விட இந்தப் படிக்கே அதிக நேரம் ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. சிதம்பரம் அருகே, கடலோர உப்புச் சேற்றில் வளரும் பிச்சாவரம் அலையாத்திக் காடு இதற்கு நல்ல சான்று. அந்தக் காடு நலிந்ததற்குக் காரணம் சுற்றியுள்ள ஊரார் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையோடு ஊருக்குள் போகும் ஆய்வாளர் என்ன பேசுவார்? காட்டை அழிக்காதீர்கள் என்று அறிவுரை சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்து போவார்கள்.

சுவாமிநாதன் நிறுவனத்தின் ஆய்வு காட்டிய காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொத்த மரங்களையும் வெட்டும் முறை அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. மரமற்ற திட்டுகளில் வெயில் நேராக விழுந்ததால் மண்ணின் ஈரம் வற்றி, நிலம் அமிழ்ந்து தொட்டி போலக் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும்போது, ஏறிய உப்புநீர் அந்தக் குழிவில் தேங்கி ஆவியானதால் மண்ணின் உப்பு மிகுந்து, புதிய கன்றுகள் பிடிக்கவில்லை. நோய் இதுவென்று தெரிந்தபின் மருந்தும் மாறியது. மீன் முள்ளின் வடிவில் ஒரு நடுக் கால்வாயும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்களும் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தார்கள். கன்று நடுவதிலும் கால்வாய்களைப் பேணுவதிலும் ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடும் உருவானது. குற்றவாளிகளாகக் கருதப்பட்டவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள். காரணத்தைத் தவறாகக் கணித்திருந்தால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தக் கூட்டுறவு அமைந்திருக்காது.

எனவே முதல் சந்திப்புக்குப் படக்காட்சி எதையும் கொண்டுபோகாதீர்கள். ஒரு வரைபடத்தை மட்டும் விரித்து, எந்தக் கிணறு எப்போது உப்பானது, எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது, எந்த மீன் இப்போது கிடைப்பதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தின் கழிகளில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்கு, எந்தக் கால்வாயில் எப்போது சேறு படிகிறது என்பது நம் கருவிகளுக்கு முன்பே தெரியும். அவர்கள் சொல்வது அனைத்தும் சரியாகத்தான் இருக்கும் என்று கொள்ளவேண்டியதில்லை; சரிபார்க்கத்தக்க கருதுகோள்களாகக் கொண்டால் போதும். சரிபார்த்தபின், இது உங்களில் இன்னார் சொன்னது, அளந்து பார்த்தோம், இப்படி இருக்கிறது என்று அவர் பெயரைச் சொல்லியே அறிவியுங்கள். பெயரைச் சொல்ல அவருடைய ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுங்கள். மூலிகை, விதை, மீன்பிடி நுட்பம் போன்ற மரபறிவு உங்கள் ஆய்வில் வருமானால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஊராட்சியில் அமையும் உயிரியல் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழுவோடும் பேசவேண்டும்.

ஐந்தாம் படி: அவர்களுடைய அளவைகளில் பேசுங்கள்

எக்டேர் என்றால் தஞ்சைப் பகுதியில் முதியவர் ஒருவர் மனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். நூறு குழி ஒரு மா, ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர் என்பது அவருடைய அளவு. விளைச்சலை மாவுக்கு எத்தனை மூட்டை என்று சொல்லுங்கள். கடற்கரையில் ஆழம் ‘பாகம்’ என்ற அளவில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தில், அளக்கப்படுகிறது. கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசையறிந்த பெயர்கள் உள்ளபோது, வடகிழக்கிலிருந்து இத்தனை பாகை என்று தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. எனினும் இப்பெயர்கள் குறிக்கும் திசை ஊருக்கு ஊர் சற்றே மாறும் என்பதால், அந்த ஊரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொல்லை எளிமையாக்குவதாக நினைத்துப் பொருளைச் சிதைத்துவிடாமலிருப்பதும் இதே படியில் அடங்கும். மக்கள் நீரை நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாக்கால் தரம் பிரிக்கிறார்கள். கரைந்துள்ள உப்புகளின் அளவைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து, மிகுந்தால் பல்லைக் கெடுக்கும் புளூரைடுக்கு அது பொருந்தாது. நாக்குக்கு இனிக்கும் நல்ல தண்ணீரிலும் அது மிகுதியாக இருக்கக்கூடும். இந்த இடத்தில் வழக்குச் சொல்லை அப்படியே ஏற்காமல், சுவைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும்.

ஆறாம் படி: உறுதியின் அளவை மறைக்காதீர்கள்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் அப்பகுதியின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். மறு ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு தனியே தெரியும்படி இல்லை என்று மறுத்தார்கள். இதை ஊரில் எப்படிச் சொல்வது? காடு நம்மைக் காக்கும் என்று மட்டும் சொன்னால் அது கைத்தட்டலுக்கு உதவும். ஆனால் காடு இருக்கிறது என்ற துணிவில் ஒரு குடும்பம் தாழ்வான இடத்தில் வீடு கட்டினால் அந்தத் துணிவுக்கு நாமும் பொறுப்பு. காடு மீன்வளத்துக்கு நல்லது, கரை அரிப்பைத் தடுக்க உதவுகிறது, ஆழிப்பேரலையில் எவ்வளவு காக்கும் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆகவே எச்சரிக்கை வந்தால் காட்டை நம்பி நிற்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம்தான் கூடுதலாகும். வானத்தையும் கடலையும் நம்பித் தொழில் செய்பவர்களுக்கு ஐயத்தோடு முடிவெடுப்பது புதிதன்று. ஐயத்தைச் சொன்னால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்ற அச்சம் பெரும்பாலும் நம்முடையதே.

ஏழாம் படி: கெட்ட செய்தியைக் கையாளுதல்

தர்மபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பது நெடுநாள் சிக்கல். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் சோதனையில் ஓர் ஆழ்துளைக் கிணற்றில் அதற்கும் மேல் வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் நடப்பது நல்லது. முதலில் மறுமாதிரி எடுத்து உறுதி செய்யுங்கள். அடுத்து, கிணற்றுக்கு உரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பிறகு ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஊர்க் கூட்டத்துக்குச் செல்வது அதற்குப் பின்புதான், அதுவும் மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அங்கே வருகிறதா, எந்த நாட்களில் வருகிறது, கூரை மழைநீரைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் சேமிக்க முடியுமா என்பவற்றை முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் கொதிக்க வைத்தால் போதுமா என்று கட்டாயம் கேட்பார்கள். போதாது, கொதிக்கும்போது நீர் ஆவியாகிறதே தவிர புளூரைடு போவதில்லை, மீதமுள்ள நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், உட்கொள்வதுதான் பல்லில் கறையாகத் தங்குகிறது என்பதால், கிடைக்கும் நல்ல நீர் குறைவாக இருந்தால் அதைச் சிறு குழந்தைகளுக்கு முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். ஊரின் பெயரோடு செய்தித்தாளுக்குக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். பெண் கொடுக்கவும் நிலம் வாங்கவும் தயங்கும் நிலையை அந்த ஊருக்கு உண்டாக்கிவிட்டு நாம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடக்கூடாது.

எட்டாம் படி: ஊடகமும் பங்கேற்பும்

தஞ்சையில் 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகவே அது பரவியது. இன்று பாம்பனில் மீனவர்களுக்கென 2016 முதல் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி ஒலிபரப்பாகிறது. இப்படி ஏற்கெனவே ஊரார் கேட்கும் ஒன்று இருக்கும்போது புதிதாகச் செயலி உருவாக்க முனையாதீர்கள். வாட்சாப் குழுவில் அனுப்புவதானால் ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல்பதிவாக, நாளும் ஊரும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டதாக இருக்கட்டும். பழைய பதிவு ஒன்று ஓராண்டு கழித்துச் சுற்றிவந்து குழப்பம் விளைவிப்பதை அது தடுக்கும்.

அளக்கும் வேலையில் மக்களைச் சேர்த்துக்கொள்வது, சொல்லிப் புரியவைப்பதைவிட ஆழமாகப் பதியும். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பினர் முட்டையிடும் பருவத்தில் இரவு நடை மேற்கொள்கிறார்கள். உடன் நடக்கும் பொதுமக்கள் பங்குனி ஆமையின் முட்டைகள் சேகரிக்கப்படுவதையும் இறந்து ஒதுங்கிய ஆமைகள் கணக்கிடப்படுவதையும் நேரில் பார்க்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இவ்வகையைச் சேர்ந்தது. பள்ளிகளுக்கு, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நல்ல வாயில். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே அதை ஒருங்கிணைக்கிறது. உங்கள் ஆய்வின் ஒரு சிறு பகுதியை, கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றால் வாரம் ஒருமுறை அளப்பது போன்ற ஒன்றை, மாணவர் குழுவுக்கான திட்டமாக்கலாம். அவர்கள் தரும் அளவுகளைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது என்பதையும், அவற்றைப் பயன்படுத்தினால் நன்றியுரையில் பள்ளியின் பெயர் வரவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இறுதிப்படி: விட்டுச் செல்லவேண்டியவை

மாதிரி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: எந்த நாளில், எங்கே எடுத்தோம், என்ன அளவு, அதன் பொருள் என்ன, என்ன செய்யலாம். ஊராட்சி அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் வரைபடமும். எவருடைய கைப்பேசி எண்ணும் வீட்டு விவரமும் அவற்றில் இருக்கக்கூடாது. தரவைப் பின்னர் எங்கேனும் பொதுவில் வெளியிடும்போதும் கிணறுகளுக்கு எண் மட்டும் போதும்.

ஓராண்டு கழித்து ஒருமுறை திரும்பிப் போய், முதல் தாளில் எழுதிய தீர்மானம் மாறியதா என்று கேளுங்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட இந்த விடைதான் உங்கள் அறிக்கையில் இடம்பெறத் தகுந்தது. மாறவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள், உங்களுக்குப் பின் வருபவருக்கு அது மிகவும் பயன்படும். ஆய்வுப் பட்டம் முடிந்து நீங்கள் வேறிடம் போகும்போது, ஊரைத் தொடர்ந்து சந்திக்கக்கூடிய ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். வேளாண்மை சார்ந்த ஆய்வென்றால் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் பொருத்தமான இடம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது, இன்று ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உண்டு. அந்த அறிமுகத்தை மின்னஞ்சலில் முடித்துவிடாமல், புதியவரை அழைத்துக்கொண்டு ஒருநாள் மாலை ஊருக்குப் போய், முதல் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் நேரில் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.